மூன்று ராடு எரியும் நேரம்

1

பிள்ளைகளே, ஜோவிட்டாவின் ஒரு கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அது நீண்டுபோய்விட்டது. நீளமாக இருக்கிறதே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

ஜோவிட்டா என் தம்பி மகள். தூத்துக்குடியில் உங்கள் பள்ளிக்கூடத்தில்தான் ஏழாவது படிக்கிறாள். என் மகள் பிரின்சி எடுத்த ஒரு படத்தை நான் போனில் தம்பி வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். இங்கே போர்ட் பிளேரில், மின்னி பே கரையில் எடுத்த கடல் படம். ஆனால் அதில் கடல் கடல் மாதிரி இருக்காது. தரையோடு தரையாக மூடுபனி இறங்கிக் கிடப்பதுபோல் இருக்கும். ஜோவிட்டா உடனே என்னைக் கூப்பிட்டாள்.

"பெரியப்பா, ஒங்க ஊர்க் கடல்ல அலையே கெடையாதா?"

"இருக்கு தாயி. நெறைய இருக்கு."

"அப்ப படத்துல இருந்த அலையெல்லாம் எங்க போச்சு?"

போனில் சொன்னால் புரியாது. "எழுதி அனுப்புதேன்" என்றேன். "அப்ப எங்க பள்ளிக்கூட மலருக்கே அனுப்புங்க, டீச்சர் கட்டுரை கேட்டுட்டே இருக்காவ" என்றாள். அப்படித்தான் மாட்டிக்கொண்டேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் டீச்சர் திருத்திக்கொள்ளட்டும்.

உங்களில் பலர் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நீங்கள் பிறப்பதற்கு முன்பே கப்பலேறி அந்தமானுக்கு வந்துவிட்டேன். படகுகளும் சின்னக் கப்பல்களும் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் வெல்டர் வேலை. என் மனைவி ஸ்டெல்லா. எங்களுக்கு ஒரே பிள்ளை, பிரின்சி. மேட்டில், பலகைத் தரை போட்ட ஒரு வீட்டில் இருக்கிறோம். பலகைத் தரை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. இதை எழுதும்போதே இரண்டு முறை எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தேன்.

2

இது புதுப் பழக்கம் இல்லை. என் அப்பா கைத்தூண்டில்காரர். சின்ன வள்ளத்தில் போய், நூலை விரலில் சுற்றிக்கொண்டு, மீன் தொடும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார். என்னைத் தொழில் பழக்கக் கூட்டிப்போனார். நான் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பேன், அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். வள்ளம் ஆடும். நூல் ஆடும். மீன் போய்விடும்.

"ஏலே, ஒனக்கு உக்கார எடத்துல எறும்பா கடிக்கு?" என்பார்.

கொஞ்ச நாள் பார்த்தார். பிறகு ஒரு காலையில் வள்ளத்தைத் தள்ளும்போது, "நீ கரையிலேயே கெட. ஒன்னயக் கூட்டிட்டுப் போனா வீட்ல ஒல கொதிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே துறைமுக ரோட்டில் ஒரு வெல்டிங் கடையில் சேர்த்துவிட்டார்.

அங்கேதான் அதிசயம் நடந்தது. வெல்டிங் போடுகிறவர் முகத்துக்கு முன்னால் ஒரு மூடி போட்டுக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஷீல்டு என்போம். அதில் கண்ணுக்கு நேராக ஒரு சின்னச் சன்னல் இருக்கும், அதில் கருப்புக் கண்ணாடி மாட்டியிருக்கும். வெயிலில் அதன் வழியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கையில் பிடித்த கம்பி இரும்பைத் தொட்டு வெளிச்சம் வந்த பிறகுதான், பச்சையாக, ஒரு நெல்மணி அளவுக்கு உருகும் இரும்பு தெரியும். அதை மட்டும் பார்த்துக்கொண்டே கையை நகர்த்த வேண்டும். அந்தக் கம்பியின் பெயர் ராடு. ஒரு ராடு எரிந்து தீரும்வரை மூச்சைக்கூட மெல்ல விட வேண்டும்.

நான் விட்டேன். ஷீல்டு முகத்தில் இறங்கினால் என் காலும் கையும் யாருடையவோ போல அடங்கிவிடும். கடை முதலாளி என் அப்பாவிடம், "ஒம் மவனா அண்ணாச்சி இவன்? மூடிக்குள்ள வேற ஆளுல்லா இருக்கான்!" என்றார். மூடியைத் தூக்கியவுடன் பழைய ஆள் வந்துவிடுவான் என்பதை அவர் போகப்போகத் தெரிந்துகொண்டார்.

தெருவில் வெல்டிங் நடந்தால் வெறும் கண்ணால் பார்க்காதீர்கள். ராத்திரி கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் வலிக்கும். இதை மட்டும் கட்டாயம் கேளுங்கள்.

3

பிரின்சி பன்னிரண்டாவது முடித்தாள். சென்னையில் ஒரு கல்லூரியில் படம் எடுக்கிற படிப்பு இருக்கிறதாம், அதில் சேர வேண்டும் என்றாள். அவள் எடுத்த ஐந்து படங்களை முதலில் கேட்டிருந்தார்கள். அதைப் பார்த்துப் பிடித்தால்தான் அடுத்த பேச்சு. நான்கு படம் ஆகிவிட்டது. ஸ்டெல்லா தேங்காய் துருவுவது, தகரக் கூரையில் மழை, மீன் சந்தை, கப்பல் டிக்கெட் வரிசை. ஐந்தாவது படத்துக்கு மட்டும் அவர்களே தலைப்புக் கொடுத்திருந்தார்கள்: அசைவு.

"இதுல என்னட்டி கஷ்டம்? ஓடுற நாய எடு" என்றேன்.

"அரே அப்பா! ஓடுற நாய எடுத்தா நிக்கிற நாய் மாதிரில்லா விழும்?"

பிறகு பொறுமையாகச் சொன்னாள். கேமரா கண்ணைத் திறந்து மூடுவது ஒரு நொடிக்கும் குறைவு. அதனால்தான் ஓடுவதும் நின்றதுபோல் விழுகிறது. மூடாமல் நிமிடக்கணக்கில் திறந்தே வைத்தால், அந்த நேரம் முழுக்க நடந்ததெல்லாம் ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். நின்றது நின்றபடி இருக்கும். ஓடியது புகைபோல இழுபடும். ஆனால் பகலில் அவ்வளவு நேரம் திறந்து வைத்தால் வெளிச்சம் கொட்டிப் படம் வெறும் வெள்ளையாகிவிடும். அதற்குக் கேமராவின் கண்ணுக்கு முன்னால் ஒரு கருப்புக் கண்ணாடி வைக்க வேண்டும்.

"அது இங்க எங்கயும் கெடைக்கல. மெயின்லாண்ட்ல இருந்து வரணும். வர்றதுக்குள்ள லாஸ்ட் டேட் போயிரும்" என்றாள். நான் உச்சுக்கொட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் பட்டறையில் ஷீல்டை முகத்தில் இறக்கினேன். இருட்டவில்லை. எதிரே கப்பலின் துருப்பிடித்த வயிறும், பக்கத்தில் வேலை செய்யும் துலாலின் பல்லும் பளிச்சென்று தெரிந்தன. துலால் வங்காளி, என் வயதுக்காரன்.

"க்யா தாதா, ஆஜ் கிட்கி குலா ஹை?" என்றான். என்ன அண்ணே, இன்றைக்குச் சன்னல் திறந்திருக்கிறதே என்று கேட்கிறான்.

கண்ணாடி இல்லை. வெறும் சட்டம்தான் இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, ஏங் கண்ணாடிய எடுத்தியா?"

"டெஸ்ட் பண்ணேன்ப்பா. திருப்பி மாட்ட மறந்துட்டேன்."

"பாக்காம வெளிச்சத்தப் போட்டிருந்தா ஏங் கண்ணு என்னத்துக்கு ஆவும்?"

"ஸாரிப்பா" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா சூப்பரா வேல செய்யுதுப்பா" என்றாள். என்ன செய்வது, சொல்லுங்கள்.

புதுக் கண்ணாடி வாங்கிக்கொடுக்கலாம் என்று கடைக்குப் போனேன். நான் மாட்டும் பத்தாம் நம்பர்க் கருப்பு தீர்ந்துவிட்டது, கப்பல் வந்தால்தான் என்றார்கள். இங்கே வெங்காயத்திலிருந்து ஆணி வரைக்கும் எதைக் கேட்டாலும் இந்தப் பதில் உண்டு. எனவே ஓர் ஒப்பந்தம் போட்டோம். வேலை நாளில் கண்ணாடி எனக்கு. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு. தனியாக எடுத்துப் போனால் உடையும் என்று ஷீல்டோடேயே பையில் போட்டுக்கொண்டு போவோம், அங்கே போய்க் கழற்றுவோம்.

4

இதற்கு நடுவில் டெலானிபூரில் ஓர் அலுவலகத்துக்கு அலைந்தோம். தீவுப் பிள்ளை என்று ஒரு சான்றிதழ் கொடுத்தால் சேர்க்கைக்கு உதவும் என்றார்கள். வரிசையில் நிற்கும்போது நான் அங்கும் இங்கும் நடந்ததைப் பார்த்துக் காவலாளி, "பைட்டோ சாச்சா, பைட்டோ" என்று நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். எழுந்தேன்.

எங்கள் முறை வந்தது. மேசையில் ஒரு மலையாளி அம்மா. சொந்த ஊர் எது என்று இந்தியில் கேட்டார்.

"தூத்துக்குடி" என்றேன் நான்.

"யஹீ" என்றாள் பிரின்சி, அதே நொடியில். இங்கேதான் என்று அர்த்தம்.

அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "தோனோ மே ஸே ஏக் போலோ." ரெண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்.

பிரின்சி சொன்னதைத்தான் எழுதினார்கள். அதுதான் சரி. அவள் பிறந்தது, வளர்ந்தது, சண்டை போட்டது, சினேகம் பிடித்தது எல்லாம் இங்கே. கோபம் வந்தால் இந்தியில்தான் திட்டுவாள். தமிழ் எழுத்தைக் கூட்டிக்கூட்டிப் படிப்பாள். வெளியே வந்ததும், "ஏன்ப்பா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க?" என்றாள்.

"மூஞ்சிக்கு ஒண்ணுமில்ல."

"நீங்க ஊர விட்டு இங்க வந்தீங்க. நா ஊர விட்டு அங்க போறேன். அவ்ளோதான?"

அவ்வளவுதான். நான் விட்டு வந்த கரைதான் அவளுக்கு வெளியூர். அவளுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் கோவிலில் வேண்டிக்கொண்டேன். கிடைத்துவிட்டால் போய்விடுவாளே என்று வீடு திரும்பும் வழியெல்லாம் நினைத்தேன். இரண்டும் சேர்ந்து என்னை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை. "பலக தேயப்போவுது" என்று ஸ்டெல்லா சொல்லிக்கொண்டே இருந்தாள்.

5

இங்கே படகுத் துறையை ஜெட்டி என்பார்கள். சிரிக்காதீர்கள். நானும் வந்த புதிதில் சிரித்தேன். உங்கள் டீச்சருக்காகப் படகுத்துறை என்றே எழுதுகிறேன்.

மின்னி பே பக்கத்தில், சின்னப் படகுகள் கட்டுவதற்கு மரக்கால் நட்டுப் பலகை அடித்த பழைய படகுத்துறை ஒன்று உண்டு. கரையிலிருந்து கடலுக்குள் கை நீட்டியதுபோல் போகும். பிரின்சி அதன் நடுவில் கேமராவை வைத்து, முனையையும் கடலையும் சேர்த்து எடுக்க நினைத்தாள். கேமராவை நிறுத்த மூன்று கால் தாங்கி வேண்டும் அல்லவா? தண்ணீர்க் குழாயை வெட்டி நானே பற்றவைத்துக் கொடுத்திருந்தேன். அதைத் தூக்க ஓர் ஆள் வேண்டும். அதனால் நானும் போனேன்.

முதல் ஞாயிறு எடுத்த படமெல்லாம் கெட்டுப்போனது. கடல் புகையாக வந்தது, சரி. ஆனால் மரக்காலும் பலகையும்கூட இரட்டை இரட்டையாக, கலங்கித் தெரிந்தன. நின்றது நின்றபடி விழவில்லை.

"ஸ்டாண்டு ஆடுதுப்பா" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் பற்றவைத்த தாங்கி ஆடுமா? அந்த வாரம் முழுக்கச் சாயங்காலம் பட்டறையில் நின்று, கால்களுக்குக் குறுக்குக் கம்பி கொடுத்தேன். ஒரு பை நிறைய நட்டு போல்ட்டு கட்டித் தொங்கவிட ஒரு கொக்கியும் வைத்தேன். துலால் பார்த்துவிட்டு, இதில் கப்பலையே கட்டலாம் என்றான்.

அடுத்த ஞாயிறு கடைசி வாய்ப்பு. அந்த வாரத்தில் படங்களை அனுப்பியாக வேண்டும், மழைக்காலமும் தொடங்கிவிட்டது. தெற்கே மேகம் கட்டி நின்றது. ஸ்டெல்லாவும் பிளாஸ்க்கில் டீயோடு வந்திருந்தாள். பிரின்சி ஒவ்வொரு படமாக எடுத்தாள். ஒவ்வொன்றையும் பார்த்து உதட்டைக் கடித்தாள். அதே கலங்கல். தாங்கியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அது கல்போல நின்றது.

"காத்தா இருக்குமோ?"

"காத்து எங்கப்பா அடிக்கு?"

பிறகு கேமராவின் பின்பக்கம் இருந்த சின்னத் திரையில் படங்களைத் திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தாள். ஒன்றில் நிறுத்தினாள். அது மட்டும் தெளிவாக இருந்தது, மரக்காலில் ஒட்டிய சிப்பிகூடத் தெரிந்தது.

"அப்பா, இது எடுக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"கரைக்குப் போயி பீடிக்கடைக்காரன்ட்ட பேசிட்டு வந்தேன்."

அவள் கையை நீட்டிக் கீழே காட்டினாள். காய்ந்த பலகைமேல் என் சேற்றுச் செருப்பின் தடம், கேமராவைத் தாண்டிப் போவதும் வருவதும் திரும்பப் போவதுமாக, பாய் முடைந்ததுபோல் கிடந்தது.

"நீங்க நடக்குறீங்கப்பா. பலக ஆடுது. பலக ஆடுனா கேமரா ஆடுது."

எனக்குத் தெரியவே தெரியாது, பிள்ளைகளே. நின்றுகொண்டிருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஸ்டெல்லா டீயைத் துப்பாத குறையாகச் சிரித்தாள். "குத்தம் ஸ்டாண்டுக்கு! ஒரு வாரம் அதுக்கு வைத்தியம் வேற!"

நான் கரைக்குப் போய் மணலில் நின்றேன். நடந்தேன் என்றும் சொல்லலாம். மணல் ஆடாது.

6

தூரத்திலிருந்து பார்த்தேன். அவள் எடுத்தாள், பார்த்தாள். நன்றாக வந்திருக்கும் என்று தெரிந்தது, ஆனால் முகம் மலரவில்லை. கைகாட்டிக் கூப்பிட்டாள். கால் நுனியால் நடந்து போனேன்.

"நல்லாதான வந்திருக்கு?"

"வந்திருக்கு. ஆனா எல்லாமே ஓடுதுப்பா. தண்ணி ஓடுது, மேகம் ஓடுது, படகும் ஆடுது. எல்லாம் ஓடுனா எதுவும் ஓடுற மாதிரியே தெரியல. நிக்கிற ஆளு ஒண்ணு வேணும்." படகுத்துறையின் முனையைக் காட்டினாள். "நீங்க போயி அங்க உக்காருங்க."

"நானா? ஒங்கம்மாவ உக்காரச் சொல்லு."

"அம்மா எப்பவும் அப்படித்தான் இருப்பாங்க. அதுல என்ன இருக்கு?"

ஸ்டெல்லா வாயில் கை வைத்தாள். "யார? ஒங்கப்பாவையா? செபமாலைல பத்து மணி உருட்டுற வரைக்கும் முழுசா முழங்கால் போட்டதில்லட்டி இந்த மனுசன்! இருந்த படமும் போவப்போவுது."

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

பிரின்சி வானத்தைப் பார்த்தாள். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது, குறையக் குறைய அதிக நேரம் திறந்து வைக்க வேண்டுமாம். மேகமும் வந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம். "நாலு நிமிஷம்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு ராடு எவ்ளோ நேரம்ப்பா எரியும்?" என்றாள்.

"ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல."

"அப்ப மூணு ராடு. மூணே மூணு ராடு. வேல செய்ற மாதிரி உக்காருங்க." பையிலிருந்து ஷீல்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். கண்ணாடி அதில் இல்லை. அது கேமராவின் முகத்தில் டேப் போட்டு ஒட்டப்பட்டிருந்தது.

முனையில் போய் உட்கார்ந்தேன். காலை மடக்கினேன். ஷீல்டை முகத்தில் இறக்கினேன்.

"தொறந்துட்டேன்!" என்று குரல் வந்தது.

முதல் ராடு. அடிவானத்தில் கடலும் வானமும் சேரும் கோடு இருந்தது. பற்றவைக்க இரண்டு தகட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி நல்ல இடைவெளி. இடது ஓரத்தில் தொடங்கினேன், மனசுக்குள்தான். மெல்ல வலப்பக்கம் நகர்த்தினேன். கை மடியில் கிடந்தது. முழங்காலில் ஒரு மணல்பூச்சி கடித்தது. கடிக்கட்டும்.

இரண்டாவது ராடு. புது ராடு மாட்டக் கை எழப் பார்த்தது. எழவிடவில்லை. அப்போதுதான் பார்த்தேன். ஷீல்டுக்குள்ளிருந்து இத்தனை வருஷமாக நான் பார்த்ததெல்லாம் கருப்பும் பச்சையும். இப்போது அதே சன்னலில் கடல் அதன் நிறத்திலேயே நின்றது. ஈயம் போலவும் கொஞ்சம் நீலமாகவும். ஒவ்வோர் அலையும் தனித்தனியாக வந்தது. அதன் அந்தப் பக்கம்தான் நீங்கள் எல்லாரும் இருக்கிறீர்கள், அவளும் அங்கேதான் போகப்போகிறாள் என்று நினைத்தேன். கால் எழப் பார்த்தது.

மூன்றாவது ராடு. பின்னால் பலகை மெல்ல முனகியது. மீன் சட்டியோடு ஒருவர் வருகிறார். இந்தத் துறையில் மீன் வாங்கி விற்கும் வங்காளி அம்மா, எல்லாரும் மௌசி என்போம். படகுத்துறை முனையில் ஷீல்டு போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து ஒருவன் உட்கார்ந்திருந்தால் யார்தான் சும்மா போவார்கள்?

"அரே மிஸ்திரி! பானி கோ வெல்டிங் கரேகா க்யா?"

தண்ணீருக்கு வெல்டிங் வைக்கப்போகிறாயா என்று கேட்கிறார். எனக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. பதில் சொல்லாமல் விடுகிறவனும் இல்லை நான். பல்லைக் கடித்தேன். மூச்சை மூக்கால் மெல்ல விட்டேன். பின்னால் ஸ்டெல்லா, "மௌசி, சுப்! சுப்! ஹிலோ மத்!" என்று, சத்தம் போடாதே, ஆடாதே எனக் கிசுகிசுப்பதும், மௌசி, "பாகல் ஹோ கயா க்யா?" என்று எனக்குப் பைத்தியம் பிடித்ததாக நினைத்துப் பாவப்படுவதும் கேட்டது. மழையின் முதல் துளி ஷீல்டின் நெற்றியில் டக் என்று விழுந்தது. இன்னொன்று.

"ஆச்சு!"

நான் எழவில்லை.

"அப்பா, முடிஞ்சிருச்சு. எந்திரிங்க, மழை வருது."

"என்னத்துக்கு இன்னும் உக்காந்திருக்காவ?" என்றாள் ஸ்டெல்லா. எனக்கே தெரியவில்லை. அவள் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் எழுந்தேன்.

7

ஜோவிட்டா, உனக்கு அனுப்பியது அந்தப் படம்தான். ஓரத்தில் பார், படகுத்துறை முனையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அது நான். அலை எங்கேயும் போகவில்லை, தாயி. மூன்று ராடு நேரத்தில் வந்த எல்லா அலையும் அதில் இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதால் எதுவும் தனியாகத் தெரியவில்லை. உங்கப்பா கேட்டாலும் சொல், அது கடல்தான்.

மௌசியும் அந்த நேரத்தில் சட்டியோடு கேமரா முன்னால்தான் வந்து போனார். ஆனால் படத்தில் அவர் இல்லை. நிற்காமல் போனதால் விழவில்லை. படத்தைக் காட்டியபோது, "ஹம் கிதர் ஹை?" என்று தன்னைத் தேடித்தேடிப் பார்த்துக் கோபித்துக்கொண்டார். அவர் நடந்து பலகை ஆடவில்லையா என்று பிரின்சியிடம் கேட்டேன். "அவங்க மெல்ல நடந்தாங்க" என்றாள். எனக்கு அது தேவைதான்.

படம் முழுக்கப் பச்சை ஏறியிருந்தது. என் கண்ணாடியின் நிறம் அது. "இதக் கழுவ முடியாதா?" என்றேன். கம்ப்யூட்டரில் மாற்றலாமாம். கொஞ்சம் மாற்றினாள், பிறகு பாதியில் விட்டுவிட்டாள். "இருக்கட்டும்ப்பா. நீங்க நாள் பூரா இந்தக் கலர்லதான பாக்கீங்க" என்றாள்.

கல்லூரியிலிருந்து ஒரு நாள் காலையில் வீடியோவில் பேசுவதாகச் சொல்லியிருந்தார்கள். மேசைமேல் போனை நிறுத்தி, பிரின்சி உட்கார்ந்தாள். எங்கள் வீடு பலகைத் தரை என்று சொன்னேன் அல்லவா? நான் நடந்தால் மேசை ஆடும், போன் விழும். ஸ்டெல்லா என்னை அடுக்களைக்குள் இழுத்துப்போய்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேள்விகள் பாதி இங்கிலீஷில் போயின. எனக்குப் புரியவில்லை. பிறகு ஓர் அம்மா தமிழில் கேட்டார்.

"அந்த ஓரத்துல இருக்கறது சிலையாம்மா? அங்க அப்படி ஒண்ணு வெச்சிருக்காங்களா?"

"இல்ல மேம். அது எங்கப்பா."

"நாலு நிமிஷ எக்ஸ்போஷர்ங்கற. துளிகூட அசையலையே?"

"அவரு அப்படி இருக்கவே மாட்டாரு மேம்."

"பின்ன எப்படி இருந்தாரு?"

"நா கேட்டேன்" என்றாள் பிரின்சி.

ஸ்டெல்லா என் சட்டையை விட்டுவிட்டாள். நான் நடக்கவில்லை.

8

இடம் கிடைத்தது. கப்பல் டிக்கெட்டும் கிடைத்தது. அன்றைக்கு ஹாடோ துறைமுகத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் நடந்தேன். தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தேன், பிஸ்கட் வாங்கி வந்தேன், பிறகு இன்னொரு தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தேன். "போதும்ப்பா" என்றாள். தாங்கியை எடுத்துப்போக முடியாது, அதன் கனத்துக்கு இன்னொரு டிக்கெட் போட வேண்டும். கண்ணாடியை மட்டும் கேட்டாள்.

"அங்க கடையில நல்லதே கெடைக்குமே, ஏட்டி."

"கெடைக்கட்டும்."

கொடுத்தேன். அதற்குள் கப்பலில் பத்தாம் நம்பர் வந்திருந்தது, வேறு வாங்கிக்கொண்டேன். இப்போது ஷீல்டை இறக்கினால் மறுபடியும் இருட்டு, மறுபடியும் பச்சை. "கிட்கி பந்த்?" என்கிறான் துலால். சன்னலை மூடிவிட்டாயா என்கிறான்.

பிரின்சி போன் பண்ணுகிறாள். அவள் பேசும் தமிழைக் கேட்டு விடுதியில் சிரிக்கிறார்களாம். லீவுக்கு உங்கள் ஊருக்கு ஒரு நடை வருவாள். தமிழ் தடுமாறினால் நீங்கள் சிரிக்காதீர்கள். அப்படியே சிரித்தாலும் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு கோவில் முடிந்து, ஸ்டெல்லாவை வீட்டில் விட்டுவிட்டு, நான் மட்டும் மின்னி பேக்குப் போனேன். படகுத்துறையின் முனைவரை நடந்தேன். திரும்பினேன். மறுபடியும் நடந்தேன். நல்ல சத்தமாகவே நடந்தேன். பலகை ஆடியது, கட்டியிருந்த படகுகள் ஆடின, மௌசியின் சட்டியில் தண்ணீர் தளும்பியது. அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மீனை அலசத் தொடங்கினார்.

நடக்காதீங்கப்பா என்று யாரும் சொல்லவில்லை.